இரு காற்றுக்கு இரு துறை

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு குடும்பத்தார் என்னைத் தேடி வந்தார்கள். நெடுந்தீவிற் பிறந்தவர்கள். 1990இல் தீவை விட்டுப் புறப்பட்டு, வன்னியில் நாலைந்து இடங்களிற் குடியிருந்து, 2009இல் முட்கம்பிக்குள்ளும் சில மாதங்கள் வாழ்ந்து, இப்போது கிளிநொச்சிப் பக்கத்தில் பிறருடைய காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டஞ் செய்பவர்கள். ஊரிலே தகப்பனாரின் காணி பத்துப் பரப்பு இருக்கிறது. கல்வேலி சரிந்துவிட்டதாம். கிணறு தூர்ந்துவிட்டதாம். மாரி மழை தொடங்கியதும் போய்த் துப்புரவு செய்து, விதைத்து, ஒரு போகம் நின்று பார்ப்பது என்று முடிவெடுத்திருந்தார்கள்.

கொண்டுபோக வேண்டியவற்றை மூத்த மகன் கொப்பித் தாளொன்றில் எழுதி வந்திருந்தார். முள்ளுக்கம்பி இரண்டு சுருள், மண்வெட்டி, கத்தி, தறப்பாள், குரக்கன் விதை, மண்ணெண்ணெய், அரிசி ஒரு மூடை, ஆடு மூன்று. எட்டுப் பேர். ஐப்பசி நடுப்பகுதியில் குறிகட்டுவானிலிருந்து உறவினர் ஒருவரின் படகில் பயணம். நல்ல ஒழுங்கான திட்டம்தான். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: "எந்தத் துறையில் இறங்கப் போகிறீர்கள்? காற்று மாறினால் எங்கே ஒதுங்குவீர்கள்?"

அவர் சிரித்துவிட்டார். "அது படகு ஓட்டுறவரின்ர வேலை பாதர். நாங்கள் கமக்காரர்."

அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது. எமது தீவுகளிலே கமக்காரன் வேறு, கடல் வேறு என்று இருந்ததில்லை. பாலமும் தாம்போதியும் இல்லாத காலத்தில் விதையும் எருவும் மாடும் மணமகளும் பிரேதமும் படகிலேதான் போய் வந்தன. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பாய்க்கப்பலில் போயிற்று. ஊர்காவற்துறையின் ஆங்கிலப் பெயரான கயிற்ஸ் என்பதே துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை அத்துறையிலேதான் கப்பலேற்றினார்கள். யானையை ஏற்றக்கூடிய துறை எத்தகைய பாதுகாப்பான துறையாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக்கையும் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையைச் சேர்ந்தது. அதை ஓட்டிச் சென்றவர்களில் எமது கடலோடிகளும் இருந்தார்கள். துறைக்குத் துறை காற்றையும் காலத்தையும் கணக்கிட்டே போனார்கள்.

முப்பத்தைந்து ஆண்டு இடப்பெயர்வு இந்த அறிவை எங்களிடமிருந்து பறித்துவிட்டது. காணி உறுதியைப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினோம். துறையின் அறிவுக்கு உறுதி எழுதுவதில்லையே. அது தகப்பன் கடையாலில் இருந்து சுக்கான் பிடிக்க, மகன் அணியத்தில் இருந்து பார்த்துப் பழகிய அறிவு. அந்த மகன்களிற் பலர் வன்னிக் குளக்கட்டில் வளர்ந்துவிட்டார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீவுக்கு மீளக் குடியேறுவோர் காணியைப் பார்ப்பதற்கு முன் துறையைப் பார்க்க வேண்டும். ஒரு துறை போதாது. காற்று இரண்டு, ஆகவே ஒவ்வொரு தீவுக்கும் துறையும் இரண்டு வேண்டும். இதைக் குடியேறும் குடும்பமும் நினைக்க வேண்டும், குடியேற்றத் திட்டம் வரைபவரும் நினைக்க வேண்டும்.

கமக்காரனுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வாழைக்கு முட்டுக் கொடுப்பதும் சோளகக் காற்றைப் பார்த்துத்தான். வைகாசி தொடக்கம் ஆவணி கழியும்வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். ஐப்பசி, கார்த்திகையிலிருந்து மாசி வரை வாடை வடகிழக்கிலிருந்து வீசும். இடையிலே பங்குனி, சித்திரையிலும் புரட்டாதியிலும் சில வாரங்கள் கடல் தளர்ந்து கிடக்கும். அக்காலத்தில் பிற்பகலில் இடியும் திடீர்க் காற்றும் வருமாயினும், காலை நேரம் பெரும்பாலும் அமைதி. எந்தக் காற்றுக் காலமாயினும் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஆகவே விடியற்புறப் பயணம் என்பது முதியவர்களின் பழக்கதோஷம் அன்று, கணக்கு.

இனி இதைத் தீவின்மேல் வைத்துப் பாருங்கள். சோளகத்தில் தீவின் தென்கரையிலும் மேற்குக் கரையிலும் அலை அடிக்கும், வடகரை மறைவாக இருக்கும். வாடையில் இது தலைகீழாகும். மாவிலித்துறை நெடுந்தீவின் வடபுறத்திலே புங்குடுதீவை நோக்கி இருக்கிறது. சோளகத்திலே அது மறைவான இடம். ஆனால் குறிகட்டுவானிலிருந்து தென்மேற்கே போகிற பாய்ப்படகுக்குக் காற்று நேர் எதிராக இருக்கும். குறுக்கும் மறுக்குமாகப் பாய் மாற்றி மாற்றித்தான் ஏற வேண்டும். இயந்திரப் படகில் ஒரு மணிநேரப் பயணம், பாயில் அரைநாள் ஆகலாம். பயணம் கடினம், இறங்குவது இலகு.

வாடையில் என்ன நடக்கும்? பாயை விரித்தால் படகு தானாகவே நெடுந்தீவுக்கு ஓடும். சுகமான பயணம். காற்று முதுகிலே இருப்பதால் அதன் பலங்கூடத் தெரியாது. அந்தச் சுகத்திலேதான் ஆபத்து இருக்கிறது. உங்களைக் கொண்டுபோகிற அதே காற்று உங்களுக்கு முன்னே போய் வடகரையை அடித்துக்கொண்டிருக்கும். துறைவாயிலிற் போய்ச் சேரும்போதுதான் அலை எவ்வளவு என்று தெரியவரும். அப்போது திரும்பவும் இயலாது, ஏனெனில் திரும்புவதென்றால் அதே காற்றுக்கு எதிரே போகவேண்டும். கரையை நோக்கி வீசும் காற்றில், அலையடிக்கும் துறைக்குள், ஆடும் பிள்ளைகளும் முள்ளுக்கம்பியும் ஏற்றிய படகைக் கொண்டுபோவது பற்றி யோசித்துப் பாருங்கள். போகும்போது இனிக்கும் காற்றைக் கண்டால் அஞ்ச வேண்டும் என்று தண்டையல் ஒருவர் எனக்குச் சொன்னார். படகோட்டம் பற்றி நான் கேட்ட எல்லாவற்றிலும் பெறுமதியானது அதுதான்.

எமது கடல் ஆழங்குறைந்தது. ஆழமில்லாத கடலில் பயமில்லை என்று கமக்காரர் பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று. ஆழமான கடலில் அலை நீண்டு, படகைத் தூக்கி இறக்கும். ஆழங்குறைந்த பரவைக்கடலில் அலை குறுகி, செங்குத்தாகி, ஒன்றன்பின் ஒன்றாக முட்டும். தண்ணீர் உள்ளே ஏறிவிடும். அத்துடன் முருகைக்கற் பார்களும், களங்கண்ணித் தடிகளும் இருக்கின்றன. கைவிடப்பட்ட களங்கண்ணியின் முறிந்த தடிகள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்று, படகின் அடியைக் கிழிக்கும். பாக்குநீரிணைப் பக்கத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. பெரிய கடல்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. ஆனால் முழங்கால் அளவு நீருள்ள ஓடைவாயிலில் ஒரு சாண் நீர்தான் உள்ளே போவதையும் பாரில் ஏறிக் கிடப்பதையும் தீர்மானிக்கிறது.

ஒரு துறையை நல்ல துறை என்று எப்படிச் சொல்வது? கரையிலே கோயில் இருப்பதாலோ சீமெந்து மேடை இருப்பதாலோ அன்று. இன்றைக்கு வீசும் காற்றுக்கு மறைவா என்பது முதற் கேள்வி. நாளைக்கு மாறக்கூடிய காற்றுக்கும் மறைவா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. முதலாவதை எல்லோரும் பார்ப்பார்கள், இரண்டாவதை மறந்துவிடுவார்கள். வாயில் எவ்வளவு அகலம், வற்று நேரத்தில் எவ்வளவு நீர் நிற்கும், அடி சேறா மணலா கல்லா என்பவற்றை அதன் பின் பார்க்க வேண்டும். சேற்றிலும் மணலிலும் நங்கூரம் பிடிக்கும். கல்லில் ஒன்றில் பிடிக்காது, அல்லது பிடித்தால் விடாது. உள்ளே வரும் வழியைக் கடலிலிருந்து கண்டுபிடிக்கக் கரையில் இரண்டு அடையாளங்கள் ஒரே நேரில் வர வேண்டும். முன்னே ஒரு மரம், பின்னே ஒரு கோபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும்போது நீங்கள் வாய்க்கு நேரே நிற்கிறீர்கள். ஒன்று விலகினால் படகும் வழிவிலகிவிட்டது. குறிகட்டுவான் என்ற பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறிதான் நினைவுக்கு வரும். நெடுந்தீவின் தென்புறத்துக் குவிந்தாக் கோபுரமும் காரைநகர் கோவளத்து வெளிச்சவீடும் சுற்றுலாப் படத்துக்காகக் கட்டப்பட்டவையல்ல.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கரையில் ஆள் இருக்கிறாரா? படகு வருவதைக் கண்டு, கயிறு வாங்கி, தேவையானால் இறங்கி இழுக்கக்கூடிய ஒருவர்? இடம்பெயர்வுக்குப் பின் எமது தீவுகளின் பல பழந்துறைகள் பாழாய்ப் போனதற்குக் காரணம் மண் மூடியது மட்டுமன்று. ஆள் இல்லாமற் போனதே முதற் காரணம் என்பது என் எண்ணம். ஆள் நடமாட்டம் நின்றால் ஓடையைத் துப்புரவாக்குவாரில்லை, குறிமரத்தை வெட்டினால் கேட்பாருமில்லை.

இரு காற்றுக்கும் மறைவான துறை எமது பக்கத்தில் ஒன்று உண்டென்றால் அது ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட நீர்தான். அதன் வாயிலிலே சிறு தீவில் கடற்கோட்டை நிற்கிறது. பாதுகாப்பான துறை எங்கே என்று தெரிந்தவர்கள் முதலில் அதன் வாயிலைத்தான் பிடிப்பார்கள். போர்த்துக்கேயர் கட்டினார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், ஆங்கிலேயர் எடுத்தார்கள், இன்று கடற்படையினர் அதைச் சுற்றுலா விடுதியாக நடத்துகிறார்கள். யார் கையில் இருந்தாலும், புயலுக்கு அஞ்சி ஒதுங்கும் சிறு படகை எந்தத் துறையும் தள்ளிவிடக் கூடாது. அனுமதியும் அடையாள அட்டையும் நங்கூரம் போட்ட பின் பார்க்கப்பட வேண்டியவை.

கடற்பயணத் திட்டம் பற்றி மிகப் பழைய, மிக நுணுக்கமான எழுத்தொன்று எம்மிற் பலருடைய வீட்டிலே இருக்கிறது. திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம். அதை மறையுரையாகச் சொல்ல இங்கே நான் வரவில்லை. கடலோடியின் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பவுலைக் கைதியாக உரோமைக்குக் கொண்டுபோகும் கப்பல் கிரேத்துத் தீவின் தென்கரையில் ஒரு துறையில் நிற்கிறது. பயணக் காலம் கழிந்துவிட்டது. துறை ஓரளவு பாதுகாப்பானது, ஆனால் மாரிகாலம் முழுவதும் தங்க வசதி போதாது. இங்கேயே நிற்போம் என்று பவுல் சொல்கிறார். மாலுமியும் கப்பற் சொந்தக்காரரும் இன்னும் வசதியான பெனிக்ஸ் துறைக்குப் போவோம் என்கிறார்கள். பெரும்பான்மையோரும் அதையே விரும்புகிறார்கள். தெற்கிலிருந்து மென்காற்று வீசுகிறது. எண்ணியது கைகூடிவிட்டது என்று நங்கூரம் தூக்குகிறார்கள். சற்று நேரத்தில் வடகிழக்கிலிருந்து புயல் பாய்கிறது. எமது மொழியில் வாடைக்கொண்டல். பதினான்கு நாள் கப்பல் அலைகிறது.

அந்தப் பதினான்காம் இரவு நடப்பதைத்தான் நான் பலமுறை எமது இளைஞருக்குச் சொல்லியிருக்கிறேன். கரை அண்மையில் இருக்கிறதென்று மாலுமிகள் உணர்கிறார்கள். ஈயக்குண்டு விட்டுப் பார்க்கிறார்கள், இருபது பாகம். சற்றுத் தூரம் போய் மறுபடி விடுகிறார்கள், பதினைந்து பாகம். இப்படித் தொடர்ந்தால் விரைவில் பாறை என்று தெரிகிறது. என்ன செய்தார்கள்? இருளில் தெரியாத கரைக்கு ஓடவில்லை. பின்பக்கத்தில் நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு விடியலுக்குக் காத்திருந்தார்கள். விடிந்தபோது மணற்கரையுள்ள ஒரு குடாவைக் கண்டு, முன்பாயை விரித்து அதற்குள் விட்டார்கள். கப்பல் மணல் மேட்டில் முட்டி உடைந்தது, ஆனால் கப்பலில் இருந்த 276 பேரும் கரை சேர்ந்தார்கள். தொடக்கத்தில் அவசரப்பட்டவர்கள் முடிவில் பொறுமை காத்ததால் பிழைத்தார்கள். பெரும்பான்மை வாக்கில் காற்று மாறாது என்பதையும் அங்கே கவனியுங்கள். படகில் ஏறுவோமா விடுவோமா என்பதைச் சந்தியில் நின்று கை உயர்த்தித் தீர்மானிக்கும் பழக்கம் எம்மிடமும் இருக்கிறது.

எமது மக்களுக்குக் கடற்பயணம் என்றால் நினைவில் வருவது காற்றும் அலையும் அல்ல என்பதை நான் அறிவேன். 1985 வைகாசி 15ஆம் நாள் குமுதினிப் படகிலே நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்தவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அன்று வானமும் கடலும் அவர்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனையிறவும் சங்குப்பிட்டியும் அடைபட்டிருந்த 1990களின் முற்பகுதியில் கிளாலிக் கடலை இருளில் கடந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்! விளக்கில்லை, பேச்சில்லை, பிள்ளையின் வாயைக் கையால் பொத்தியபடி. 1993 தை மாதத்தில் அந்த நீரிலே எத்தனை உயிர் போயிற்று. 1995 ஐப்பசி 30இல் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, மறுபடியும் அதே கிளாலி வழியாக வன்னிக்குப் போனவர்கள் பலர். அந்தக் காலத்தில் துறை என்பது அலைக்கு மறைவான இடமன்று, துவக்குக்கு மறைவான இடம். கடலைப் பார்க்கவே விரும்பாத ஒரு தலைமுறை எம்மிடையே இருப்பதற்குக் காரணம் சோம்பலன்று. அதை யாரும் பரிகசிக்க வேண்டாம்.

ஆயினும் அதே காலம் இன்னொன்றையும் காட்டியது. மன்னாரிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போனவர்களை, தனுஷ்கோடிக்கு இப்பால் உள்ள மணல்திட்டுக்களில் படகோட்டிகள் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். இந்தியா வந்துவிட்டது என்று சொன்னார்களாம். குடிக்கத் தண்ணீரில்லாத, மரமொன்றில்லாத, பெருக்கில் சுருங்கிக்கொண்டே வரும் மணல். போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், 2022 பங்குனியில் பொருளாதார நெருக்கடியால் புறப்பட்ட குடும்பத்தாரும் அதே திட்டொன்றில் கைக்குழந்தையோடு நின்றார்கள், இந்தியக் கடலோரக் காவற்படையினர் மீட்டார்கள். எங்கே இறங்கப் போகிறோம் என்று ஏறுமுன் கேட்காததற்கு அவர்கள் கொடுத்த விலை அது. கேட்கும் நிலையில் அவர்கள் இருக்கவில்லை. நாம் இருக்கிறோம்.

கமக்காரனுக்கென்றே உள்ள ஒரு சிக்கலை இனிச் சொல்ல வேண்டும். மீனவன் கடல் கொந்தளித்தால் தொழிலுக்குப் போகாமல் இருக்கலாம். வயிறு காயும், உயிர் தப்பும். தீவுக் கமக்காரனுக்கு மழைதான் நாள் குறிக்கிறது. மானாவாரி நிலத்தில் புரட்டாதி, ஐப்பசி மழைக்கு விதைக்காவிட்டால் அந்த ஆண்டு இல்லை. அதே மழையோடுதான் வாடையும் கிளம்புகிறது. வங்காள விரிகுடாவின் புயல்களும் கார்த்திகை, மார்கழியிலேதான் எம்மைத் தேடி வருகின்றன. 1964 மார்கழியில் தனுஷ்கோடியை அழித்த புயல், 2008 கார்த்திகையில் நிஷா, 2020 மார்கழியில் புரெவி, 2025 கார்த்திகையில் டித்வா. விதைப்புக்கு நல்ல நாளும் கடலுக்கு நல்ல நாளும் ஒன்றல்ல. ஆகவே மழையைக் கண்டபின் படகேறுவது பிழை. புரட்டாதித் தளர்ச்சியிலே விதையையும் உணவையும் ஆட்களையும் கொண்டுசேர்த்துவிட்டு, நிலத்தில் இருந்து மழைக்குக் காத்திருக்க வேண்டும். தை, மாசி வரை திரும்பி வரத் தேவையில்லாதபடி அரிசியும் மருந்தும் இருக்க வேண்டும். கர்ப்பிணியையும் தீராத நோயாளியையும் அந்தப் போகத்துக்கு அழைத்துச் செல்லாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளை எங்கே விடுவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

பாய் எதற்கு, இயந்திரம் இருக்கிறதே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சொல். நான் இயந்திரத்துக்கு எதிரியல்லன். ஆனால் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் தங்கத்தின் விலைக்குப் போனபோது எமது வள்ளங்களை நகர்த்தியது பாயும் கம்பும்தான். 2022இல் மண்ணெண்ணெய் வரிசையிலே நின்று நின்று படகுகள் கரையிற் காய்ந்தபோதும் அதே நினைவு வந்தது. நடுக்கடலில் இயந்திரம் நின்றால் படகு குறுக்கே திரும்பி அலைக்கு விலாவைக் காட்டும். ஒரு சிறு பாயும், போதிய கயிறுள்ள நங்கூரமும், நீண்ட கம்பும் இருந்தால் அணியத்தை அலைக்கு நேரே வைத்திருக்கலாம். கைத்தொலைபேசியில் இருக்கும் வரைபடம் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லும். ஓடைவாயில் சென்ற மாரியில் எப்பக்கம் நகர்ந்தது என்று அது சொல்லாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தல் தினமும் தமிழில் கிடைக்கிறது. அதைக் கேட்ட பின் தண்டையலையும் கேளுங்கள். இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றால் நில்லுங்கள்.

இனி அதிகாரிகளிடம் கேட்க வேண்டியது. தீவுக்கு ஒரு நல்ல சீமெந்துத் துறை கட்டினால் கடமை முடிந்தது என்ற எண்ணம் நிலவுகிறது. பணம் குறைவு, சனம் குறைவு, இரண்டாவது துறை எதற்கு என்ற வாதம் எனக்கு விளங்காமலில்லை. அரைநூறு குடும்பத்துக்காக இன்னொரு மேடை கட்டு என்று நான் கேட்கவுமில்லை. ஓடையின் கல்லை அகற்றி, இரண்டு குறிக்கம்பம் நட்டு, ஒரு சூரிய விளக்கு வைத்தால் எதிர்ப்பக்கக் காற்றுக்கு ஒதுங்குதுறை ஆகிவிடும். பெரிய மேடைக்குச் செலவாகும் பணத்தின் சிறு துண்டுதான் அது. பாலமோ துறையோ அரைகுறையாய் நிற்கும்போது மக்கள் கையில் கிடைத்ததில் ஏறுவார்கள். 2021 கார்த்திகை 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். பாலம் முடியும்வரை பிள்ளைகள் எதில் கடப்பார்கள் என்ற கேள்வி வேலை தொடங்குமுன் கேட்கப்பட்டிருக்க வேண்டியது. மீள்குடியேற்றக் கூட்டத்துக்குப் பிரதேச செயலகம் போகும்போது வீட்டுத்திட்டம், கிணறு, மலசலகூடம் என்ற வரிசையில் துறையையும் கேளுங்கள். எந்தக் காற்றுக்கு எந்தத் துறை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உயிர்காப்பு அங்கியைப் பற்றி நான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதை ஆசனத்துக்குக் கீழே வைத்து அதன்மேல் கால் வைத்திருக்கிறோம்.

அந்தக் குடும்பத்தின் கதைக்கு வருகிறேன். நான் இவற்றில் பாதியைச் சொல்லி முடித்தபோது மகன் யோசனையில் இருந்தார். அதுவரை வாய் திறக்காதிருந்த அவருடைய தாயார், எழுபத்தாறு வயது, மெல்லச் சொன்னார்: "வாடைக்கு எங்கட ஐயா வடக்கால விடமாட்டார். தெற்கால சுத்திக் கொண்டந்து, குவிந்தாவைப் பார்த்துக்கொண்டு, கல்லுக்குள்ள ஒரு வழியால விடுவார். நான் சின்னனில எத்தினை தரம் வந்திருக்கிறன்."

மகன் தாயைப் பார்த்தார். "ஏனம்மா இதை ஒருநாளும் சொல்லேல்ல?"

"நீ எப்ப கேட்டனீ?"

அந்த வழியை ஐம்பது ஆண்டுக்குப் பின் நம்பிப் படகு விட முடியாது. கல் சரிந்திருக்கும், மணல் ஏறியிருக்கும். முதலில் கரையால் நடந்துபோய், வற்று நேரத்தில் நின்று பார்க்க வேண்டும். அதன் பின் ஓர் அமைதியான காலையில் வெறும் வள்ளத்தைக் கம்பால் ஊன்றிப் பார்க்க வேண்டும். அவர்கள் பயணத்தை ஐப்பசியிலிருந்து புரட்டாதி முதல் வாரத்துக்கு முன்தள்ளினார்கள். எட்டுப் பேர் ஐந்து பேராகினர். தாயார் ஆறாவதாக, படகின் நடுவில் அமர்வதென்று ஏற்பாடு. முள்ளுக்கம்பியும் மூன்று ஆடுகளும் பங்குனிப் பயணத்துக்கு ஒதுக்கப்பட்டன.